தெசாங்காவின் பெயரில்

போஷ்கோ கடைசித் தரைப்பலகையை ரப்பர் சுத்தியலால் தட்டி இறக்கிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இரண்டு கையுறைகளிலும் பசை. கழற்றினால் கிழியும், கிழிந்தால் புது ஜோடிக்கு மாடி ஏறி ஆபீசில் கேட்க வேண்டும். அதனால் அப்படியே நடந்து, பெயின்ட் அலமாரிக்குப் பக்கத்தில் சுவரோடு திருகி வைத்திருந்த டேப்லெட்டின் முன்னால் போய் நின்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். குனிந்து, மூக்கு நுனியால் திரையை அழுத்தினார். 'தேன் கம்பெனி அரங்கு: தரை' என்ற வரிக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு டிக் விழுந்தது. அதன் கீழே, எப்போதும் போல, 'முடித்தவர்: தெசாங்கா' என்று வந்தது.

"தெசாங்கா, தரை போட்டு முடிச்சிட்ட. பரவாயில்ல, நல்லாவே போட்டிருக்க," என்றார் போஷ்கோ.

"அதான் அண்ணே, முட்டி கூட வலிக்கல எனக்கு," என்றாள் தெசாங்கா, தலையைத் தூக்காமல்.

அவள் நீண்ட மேசை மேல் பாதி படுத்தபடி, தேனீ படம் அச்சடித்த வினைல் தாளைப் பலகையில் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கை தாளின் பின்காகிதத்தை உரித்துக்கொண்டே போக, மறு கை பிளாஸ்டிக் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்துக்கொண்டே வரவேண்டும். இடையில் மூச்சுவிட்டால்கூடக் குமிழி விழும். குமிழி விழுந்த தேனீயைக் கண்காட்சி விளக்கில் பார்த்தால் கொப்புளம் வந்த தேனீ மாதிரி இருக்கும்.

செர்பியாவில், நோவி சாதிலிருந்து தெமெரின் போகும் சாலையில், முன்பு காலுறை ஆலைக்குக் கிடங்காக இருந்த கட்டடம் அது. கண்காட்சிகளுக்கு அரங்கு கட்டிக் கொடுக்கிற கம்பெனி. பட்டறையில் நிரந்தர ஆட்கள் நாலே பேர். தச்சர் போஷ்கோ, மின்வேலைக்கு சிமோ, பெயின்ட் அடிக்க லாஸர், படம் ஒட்ட தெசாங்கா. மாடியில் ஆபீஸ். மாடிக்கும் கீழுக்கும் நடுவில் இருப்பது இந்த டேப்லெட்தான். எந்த அரங்குக்கு என்ன வேலை, எந்தத் தேதிக்குள், எது முடிந்தது என்பதெல்லாம் திட்டம் என்ற பெயரில் அதில் ஓடும்.

டேப்லெட்டை மாட்டிய நாளில் மேனேஜர் வுகாஷின் கீழே வந்து, "யாராவது ஒருத்தர் பேர் குடுங்க, பட்டறைக்கு ஒரு பேருக்குத்தான் அனுமதி வாங்கியிருக்கு," என்றான். போஷ்கோவின் கையில் பசை, லாஸரின் கையில் பெயின்ட், சிமோ மேலே கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தான். கை சுத்தமாக இருந்தது தெசாங்காவுக்குத்தான். அவள் விரலால் தட்டிப் பெயரைப் பதிந்தாள். அன்றிலிருந்து நாலு பேரும் அந்தப் பெயரிலேயே டிக் வைத்தார்கள். கை சும்மா இருந்தால் விரலால், இல்லாவிட்டால் மூக்கால். பட்டறையில் அது வேடிக்கையாகவே போனது. எங்கேயாவது வயர் கோணலாகப் போனால், "தெசாங்கா அக்காவுக்கு இன்னைக்குக் கண்ணு சரியில்ல," என்பான் சிமோ.

ஜனவரியில் கம்பெனி கைமாறியது. பெல்கிரேடில் இருக்கும் பெரிய கம்பெனி ஒன்று வாங்கிக்கொண்டது. பட்டறையில் ஒன்றும் மாறவில்லை, காப்பிப் பொடி மட்டும் மலிவானதாக மாறியது.

அன்று வுகாஷின் படியிறங்கி வந்தபோது யாரும் வேலையை நிறுத்தவில்லை. அவன் வழக்கமாக எதையாவது அவசரப்படுத்தத்தான் வருவான். இன்றைக்கு நடு வழியில் நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டான்.

"அக்கா, உங்களுக்கு ஒரு நல்ல சேதி. பட்டறை ஒருங்கிணைப்பாளர்னு உங்களைப் போடப்போறாங்க. பெல்கிரேடுல இருந்து வந்திருக்கு."

"என்னையா? எதுக்கு?"

வுகாஷின் திரையிலிருந்து படித்தான். "பட்டறைப் பணிகள் அனைத்தையும் குறித்த காலத்தில் தனி ஆளாக முடித்தமைக்காக."

சிமோ ஏணியிலிருந்து சிரித்தான். லாஸர் கூடப் பல்லைக் காட்டினான். வுகாஷின் சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "போஷ்கோ அண்ணே, சிமோ, லாஸர், நீங்க மூணு பேரும் வெள்ளிக்கிழமை காலையில மாடிக்கு வரணும். ஐரினா மேடம் பெல்கிரேடுல இருந்து வர்றாங்க. பேசணுமாம்," என்றான்.

பேசணும் என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். அதே பெல்கிரேடு கம்பெனி போன வருஷம் சுபோத்திட்சாவில் வாங்கிய பட்டறையிலும் பேசத்தான் கூப்பிட்டார்கள். பேசிவிட்டு வந்தவர்கள் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். சிமோ ஏணியிலிருந்து மெதுவாக இறங்கினான். போஷ்கோ கையுறையைக் கழற்றப் பார்த்தார். அது கிழிந்தது.

*

தெசாங்கா தகட்டைக் கீழே வைத்துவிட்டு வுகாஷின் பின்னாலேயே மாடி ஏறினாள். அவன் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துமுன் காலை வைத்துத் தடுத்தாள்.

"தம்பி, தனி ஆளா நான் என்ன முடிச்சேன்? எனக்கு வயரைத் தொட்டாலே நடுங்கும், உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும் அக்கா. திட்டத்துக்குத் தெரியாதே." அவன் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் தேய்த்துக்கொண்டான். "அவங்க சம்பளப் பட்டியலையும் திட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்திருக்காங்க. சம்பளத்துல நாலு பேரு. வேலையில ஒரு பேரு. மீதி மூணு பேரு என்ன பண்றாங்கன்னு கேள்வி."

"மாட்டின அன்னைக்கே கேட்டேன்ல, நாலு பேருக்கும் பேர் போடுங்கன்னு."

"ஒவ்வொரு பேருக்கும் மாசாமாசம் கட்டணும். மாமா வேண்டாம்னுட்டாரு. மாமாவைத் தெரியும்ல உங்களுக்கு."

மாமா என்பது கம்பெனியை விற்றுவிட்டு இப்போது மோன்டெனேக்ரோ கடற்கரையில் வீடு கட்டிக்கொண்டிருக்கிற பழைய முதலாளி.

"சரி, அதை விடுங்க. இப்ப மாத்துங்க. தரைன்னா போஷ்கோ, வயருன்னா சிமோ, பெயின்ட்டுன்னா லாஸர். பொய்யா எழுதச் சொல்லல, நடந்ததைத்தான் எழுதச் சொல்றேன்."

வுகாஷினுக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. அது அவனுக்கே தோன்றியிருக்கவில்லை போல. கணினியில் திட்டத்தைத் திறந்தான். முடிந்த வேலைகளின் பட்டியல் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது, எல்லாவற்றிலும் தெசாங்கா. ஒரு வரியைத் தொட்டு, பெயரை மாற்றும் இடத்தை அழுத்தினான். அந்த இடம் சாம்பல் நிறத்தில் இருந்தது. மறுபடி அழுத்தினான். மூன்றாவது தடவை, பித்தான் ஒட்டிக்கொண்ட மாதிரி, ஓங்கி அழுத்தினான். 'இதை மாற்ற உங்களுக்கு அனுமதி இல்லை. திட்டத்தின் உரிமையாளரைத் தொடர்புகொள்ளவும்' என்று வந்தது.

"உரிமையாளர் நீங்கதானே?"

"போன வாரம் வரைக்கும்," என்றான் வுகாஷின். காது சிவந்துவிட்டது. "என்னைத் திருத்துபவர்னு இறக்கிட்டாங்க. நடக்கப்போற வேலையைத் திருத்தலாம். முடிஞ்சதைப் பூட்டிட்டாங்க. எனக்கு ஒரு வார்த்தை சொல்லல பாருங்க."

தெசாங்காவுக்கு அவன் மேல் இரக்கமாகவும் இருந்தது, நாற்காலியோடு தூக்கி வெளியில் போடலாம் போலவும் இருந்தது.

"அப்ப மேடத்துக்கிட்ட வாயால சொல்லுங்க."

"சொன்னா முதல்ல என்னைத்தான் கேப்பாங்க. கம்பெனியை விக்கும்போது 'பட்டறை ஆளுங்க எல்லாரும் திட்டத்துக்குள்ள இருக்காங்க'ன்னு எழுதிக் குடுத்தது நான்தான் அக்கா. எனக்குக் கல்யாணத் தேதி வச்சாச்சு." அவன் குரல் இறங்கியது. "நீங்களும் பேசாம இருங்க. ஒரு லாகினை நாலு பேரு பயன்படுத்தினது தெரிஞ்சா, குடுத்தவங்கதான் மாட்டுவாங்க. அது உங்க பேரு."

*

மத்தியானம் கொஷாவா காற்று வீசியது. சாலையோரத் தூசியைக் கொண்டுவந்து முற்றத்தில் கொட்டிவிட்டு மறுபடி அள்ளிக்கொண்டு போனது. மூன்று பேரும் சுவர் மறைவில் பலகைக் கட்டின் மேல் உட்கார்ந்து புரெக் என்ற அடைத்த அப்பம் தின்றுகொண்டிருந்தார்கள். வழக்கமாகத் தெசாங்காவுக்கும் ஒரு துண்டு காகிதத்தில் சுற்றி வைத்திருக்கும். இன்றைக்கு இல்லை.

"வாங்க ராணி," என்றான் சிமோ. "தனி ஆளா எல்லாத்தையும் முடிச்ச ராணி வர்றாங்க, எந்திரிங்கடா."

"சிமோ, வாயை மூடு," என்றார் போஷ்கோ.

"நான் என்ன தப்பா சொல்லிட்டேன் அண்ணே? டிக் வச்சது நான், மூக்கு என்னுது, பேரு அவங்களுது, பதவி அவங்களுக்கு. நான் வேலை தேடி ஸ்லோவேனியாவுக்குப் பஸ் ஏறணும். சின்னவளுக்கு இன்னும் பல்லு முளைக்கல."

"அவளா கேட்டா பதவி? அன்னைக்குக் கம்பத்துல தொங்காம நீ கீழ நின்னிருந்தா உன் பேரு விழுந்திருக்கும். அப்ப இவ உன்னை ராஜான்னு சொல்லியிருப்பா."

தெசாங்கா பலகைக் கட்டின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சிமோ சொன்னது சுருக்கென்று தைத்தது. பதவி என்ற வார்த்தையை வுகாஷின் சொன்னபோது ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுக்குள் சந்தோஷம் எட்டிப்பார்த்தது உண்மை. வீட்டில் புருஷன் பெரோ முதுகுத்தண்டு விலகி, சோபாவிலிருந்து எழுந்து கழிப்பறை போய் வருவதையே பெரிய பயணமாகச் செய்துகொண்டிருந்தான். சம்பளம் என்று அந்த வீட்டுக்குள் வருவது அவளுடையது மட்டும்தான்.

"நான் போய்ச் சொல்லிடறேன்," என்றாள்.

"சொல்லி?" போஷ்கோ காகிதத்தைக் கசக்கி உருட்டினார். "எனக்கு இந்த வயசுல எவனும் வேலை குடுக்கமாட்டான், அது சரி. பென்ஷனும் இன்னும் வரல, அதுவும் சரி. ஆனா நாலு பேரும் போறதுக்கு மூணு பேரு போறது பரவாயில்ல. ஒரு வீட்டுலயாவது அடுப்பு எரியட்டும். பெரோவை நினைச்சுப் பாரு."

"பெரோவை நினைச்சாதான் அண்ணே ராத்திரி தூக்கம் வராது. உங்க மூணு பேரையும் அனுப்பிட்டு நான் எந்த முகத்தோட தேனீ ஒட்டறது? தரை யாரு போடுவா, நானா?"

லாஸர் ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவன். அவன் தன் பங்குப் புரெக்கைப் பிட்டுப் பாதியை அவள் பக்கம் நீட்டினான். சிமோ வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

*

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் சலவைச் சட்டை போட்டு வந்தார்கள். மாடித் தாழ்வாரத்து பெஞ்சில், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி கையை மடியில் வைத்து வரிசையாக உட்கார்ந்தார்கள். போஷ்கோ நகத்திலிருந்த பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கண்ணாடி அறைக்குள் ஐரினா மடிக்கணினியைத் திறந்து வைத்துத் தயாராக இருந்தாள். முப்பது வயது இருக்கலாம். காலை ரயிலுக்கு எழுந்த கண். மேசையில் மூன்று உறைகள்.

போஷ்கோவின் பெயரைக் கூப்பிட்டபோது, கூடவே மாடி ஏறி வந்து சுவரோரம் நின்ற தெசாங்காதான் உள்ளே போனாள்.

"உங்களை நான் கூப்பிடலையே," என்றாள் ஐரினா.

"என்னைத்தான் மேடம் கூப்பிட்டீங்க. அந்தக் கணினியில போஷ்கோவும் நான்தான், சிமோவும் நான்தான், லாஸரும் நான்தான்."

ஐரினா பேனாவை வைத்தாள். தெசாங்கா உட்காராமலே சொன்னாள். டேப்லெட் மாட்டிய நாள், பசைக் கைகள், ஒரே பெயர், மூக்கு. மூக்கைச் சொல்லும்போது ஐரினாவின் உதடு லேசாக அசைந்தது, உடனே சரியாகிவிட்டது.

"நாலு பேர் வேலையை ஒருத்தர் முடிச்சதா காட்டினப்ப எனக்கும் ஆச்சரியமாத்தான் இருந்துச்சு," என்றாள்.

"ஆச்சரியமா இருந்தும் யாரையும் கேக்கலையா மேடம்?"

ஐரினா மடிக்கணினியைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"நீங்க சொல்றதை நான் நம்பறேன்னே வச்சுக்குவோம். மேல இருக்கறவங்க எப்படி நம்புவாங்க? கூட வேலை செய்யறவங்களைக் காப்பாத்த யாரும் இப்படிச் சொல்லலாம். நல்ல மனசுன்னு நினைச்சுக்கிட்டு அடுத்த கோப்பைத் திறப்பாங்க. எனக்கு அவங்ககிட்ட காட்ட ஏதாவது வேணும்."

காட்டுவதற்கு என்ன இருக்கிறது? தரையைக் காட்டலாம், தரையில் கையெழுத்தா இருக்கும்? தெசாங்கா கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். பெஞ்சில் மூன்று சலவைச் சட்டைகள். அதற்கு அப்பால் அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் வுகாஷின், ஒரு காகிதமும் வராத இயந்திரத்தை வெறித்துப் பார்த்தபடி, கையில் ஆறிப்போன காப்பியோடு நின்றான். அதே மாதிரி, ஒரு கையில் தட்டோடு, அவன் அவள் வீட்டுச் சமையலறை வாசலில் நின்றது ஞாபகம் வந்தது.

"மேடம், டிசம்பர்ல புனித நிக்கோலா நாள் அன்னைக்கு நான் என்னென்ன முடிச்சிருக்கேன், பாருங்க."

ஐரினா விரலால் தள்ளித் தள்ளித் தேடினாள். "காலையில விளக்குகள் பொருத்திச் சோதிச்சிருக்கீங்க. அப்புறம் ரெண்டு சுவருக்கு பெயின்ட். மேடைச் சட்டம் அறுத்து..." நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "நிக்கோலா அன்னைக்கா?"

"எங்க வீட்டு ஸ்லாவா அன்னைக்குத்தான் மேடம். பெரோ வீட்டுப் புனிதர். காலையில பாதிரியார் வந்து ரொட்டி வெட்டினாரு. அதுல இருந்து ராத்திரி வரைக்கும் நான் அடுப்புக்கும் மேசைக்கும் நடந்துக்கிட்டே இருந்தேன். ஸ்லாவா வீட்டுக்காரி உக்காரவே முடியாது, உங்களுக்குத் தெரியாததா."

நிக்கோலா நாளில் செர்பியாவில் பாதிப் பேர் வீட்டில் ஸ்லாவா என்ற வீட்டுப் புனிதர் திருநாள், மீதிப் பாதிப் பேர் அந்த வீடுகளுக்கு விருந்தாளி என்பார்கள். கூப்பிட்டுப் போகிற விருந்து இல்லை. தெரிந்தவர்கள் தாமாக வருவார்கள், கதவு திறந்தே இருக்கும். அன்று வீட்டுக்காரி வேலைக்குப் போனாள் என்று கோவில் வாசலில் சொன்னால் பைத்தியம் என்று சிரிப்பார்கள்.

"எங்க வீட்டுலயும் நிக்கோலாதான்," என்றாள் ஐரினா மெல்ல. "அம்மா என்னைச் சமையலறையை விட்டு வெளிய விடல." பிறகு மறுபடியும் ஆபீஸ் குரலுக்கு வந்தாள். "ஆனா சில பேர் காலையில வேலைக்கு வந்துட்டுப் போவாங்க. அப்படிச் சொன்னா என்ன பண்றது?"

தெசாங்கா கதவைத் திறந்து தாழ்வாரத்தைப் பார்த்தாள்.

"வுகாஷின் தம்பி, நிக்கோலா அன்னைக்கு எங்க வீட்டு மீன் எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு அக்கா," என்றான் வுகாஷின், யோசிக்காமல். ஸ்லாவா சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் எந்த ஊரிலும் யாரும் யோசித்துப் பதில் சொல்வதில்லை. சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு அறையும் மடிக்கணினியும் ஐரினாவின் முகமும் கண்ணில் பட்டன. காப்பிக் கோப்பையை அச்சு இயந்திரத்தின் மேல் வைத்தான்.

"உள்ள வாங்க," என்றாள் ஐரினா. "அன்னைக்கு இவங்க பட்டறைக்கு வந்தாங்களா?"

வுகாஷின் தெசாங்காவைப் பார்த்தான். பெஞ்சைப் பார்த்தான். போஷ்கோ இன்னும் நகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் சுரண்டவில்லை.

"வரல மேடம்," என்றான். "ஸ்லாவா லீவு. நான்தான் அனுமதிச்சேன். சம்பளக் கணக்குலயும் இருக்கும். மத்தவங்க மூணு பேரும் மத்தியானம் வரைக்கும் வேலை செஞ்சாங்க, அப்புறம் என் வண்டியிலதான் எல்லாரும் அவங்க வீட்டுக்குப் போனோம்." அவன் மூச்சை விட்டான். "ஒரு பேருக்குத்தான் அனுமதி வாங்கியிருந்தோம் மேடம். நாலு பேரையும் அதுலயே டிக் வைக்கச் சொன்னது நாங்கதான்."

வெளியே சிமோ எழுந்து நின்றுவிட்டான். ஐரினா சிறிது நேரம் எதையோ தட்டச்சு செய்தாள். மூன்று உறைகளையும் எடுத்துத் தன் பைக்குள் வைத்தாள்.

"இதை இன்னைக்குக் குடுக்கல. நான் மேல எழுதறேன். ஸ்லாவா அன்னைக்கு நடந்ததை வச்சு எழுதினா அவங்களால மறுக்க முடியாது, அவங்க வீடுகள்லயும் ஸ்லாவா உண்டு." பிறகு, தெசாங்காவை நேராகப் பார்க்காமல், "ஆனா ஒண்ணு. ஒரு லாகினை மத்தவங்க பயன்படுத்தவிட்டது விதி மீறல். அது உங்க பேர்லதான் வரும்," என்றாள்.

"எல்லாமே என் பேர்லதானே மேடம் வருது," என்றாள் தெசாங்கா.

தாழ்வாரத்தில் சிமோ அவள் கையைப் பிடித்துக்கொண்டான். விடாமல் ஆட்டிக்கொண்டே இருந்தான். "விடுடா, கையைக் கழட்டி எடுத்துக்கிட்டுப் போயிடுவ போல," என்றாள் அவள். போஷ்கோ சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தார்.

*

மார்ச் மாதம் பதில் வந்தது. யாரும் போகவேண்டியதில்லை. பட்டறையில் இருக்கிற ஆட்களுக்கு அவரவர் பெயரிலேயே அனுமதி. சிமோ அன்று காலை பேக்கரிக்கு நடந்து போய், சூடாக ஒரு முழுத்தட்டு இறைச்சிப் புரெக் வாங்கிவந்து தெசாங்காவின் மேசை மேல் வைத்தான்.

"அக்கா, அன்னைக்கு ராணின்னு சொன்னதுக்கு..."

"ராணிக்கு இறைச்சிப் புரெக்தான் பிடிக்கும்னு எப்படிடா தெரிஞ்சுது?" என்றாள் அவள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வுகாஷின் கீழே வந்து ஒவ்வொருவர் பெயரையும் டேப்லெட்டில் பதிந்து கொடுத்தான். போஷ்கோ தன் பெயரைத் திரையில் பார்த்ததும் கண்ணாடியை இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கிப் பார்த்தார். "முகம் கூட வைக்கலாமா இதுல?" என்று கேட்டார். லாஸர் தன் பெயரை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனான்.

தெசாங்காவின் பெயர் கடைசியில் வந்தது. அதைப் பதிந்துவிட்டு வுகாஷின் திருகாணி சரியாக இருக்கிறதா என்று டேப்லெட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டு நின்றான்.

"ஒருங்கிணைப்பாளர் விஷயத்தை நிறுத்தி வச்சிருக்காங்க அக்கா. இதுலயும் உங்களுக்குப் பார்க்க மட்டும். ஒழுங்கு நடவடிக்கையாம். எவ்வளவு நாளைக்குன்னு எழுதல."

"உங்களுக்கு?"

"எனக்கு ஒரு நாள் பயிற்சி. திருத்துபவர்ங்கறது அப்படியேதான் இருக்கு." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "கல்யாணத்துக்கு எல்லாரும் வரணும் அக்கா."

"வர்றோம், வராம? மீன் போடுவீங்கல்ல?"

அன்று மாலைக்குள் டிராக்டர் கம்பெனி அரங்கின் பெரிய சுவர் முடியவேண்டியிருந்தது. தெசாங்கா மேசை மேல் பாதி படுத்து, சிவப்பு டிராக்டரின் சக்கரத்தை நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். சம்பளம் வருகிறது, சிமோ ஏணியில் பாடுகிறான், போஷ்கோவின் ரம்பம் ஓடுகிறது. மனசு லேசாகத்தான் இருந்தது. கடைசி ஓரத்தை அழுத்தித் தேய்த்து, சாய்ந்து பார்த்தாள். சுத்தமாக உட்கார்ந்திருந்தது. பழக்கத்தில் எழுந்து போய் டேப்லெட்டில் விரலை வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி வைத்தாள். 'உங்களுக்குப் பார்க்க மட்டுமே அனுமதி' என்று வந்தது.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குத்தானே அனுமதி.

"போஷ்கோ அண்ணே, இங்க கொஞ்சம் மூக்கைக் குடுங்க."

போஷ்கோ ரம்பத்தை நிறுத்திவிட்டு வந்தார். தன் பெயரைத் தேர்ந்து, குனிந்து, மூக்கால் அழுத்தினார். டிராக்டர் சுவருக்குப் பக்கத்தில் பச்சை டிக் விழுந்தது. கீழே 'முடித்தவர்: போஷ்கோ' என்று வந்தது.

"இது என்ன கூத்து. நான் எங்க ஒட்டினேன்? எனக்குத் தபால்தலை ஒட்டினாலே கோணலாப் போகும்."

"விடுங்க அண்ணே. படத்தைப் பாக்க வர்றவனுக்கு யாரு ஒட்டினா என்ன?"

"எங்க விடறது? நாளைக்கு இன்னொரு மேடம் வந்து சம்பளத்தையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்பா."

சிமோவும் ஏணியிலிருந்து இறங்கி வந்து பார்த்தான். டிக்குக்குக் கீழே, குறிப்பு எழுத ஒரு சின்னக் கட்டம் இருப்பதை அவன்தான் காட்டினான். மூக்கால் டிக் வைக்கலாம், எழுத முடியாது. போஷ்கோ வலது கையுறையைப் பிடித்து இழுத்தார். அது பசையில் ஒட்டிக்கொண்டு விரல் விரலாகக் கிழிந்தது. புது ஜோடிக்கு மாடி ஏறவேண்டும், ஏறிக்கொள்ளலாம். லாஸர் பெயின்ட் தின்னரில் நனைத்த துணியை நீட்டினான். போஷ்கோ ஆள்காட்டி விரலை நன்றாகத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை இறக்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினார். காப்பி ஆறியது. மூன்று பேரும் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள்.

'தெசாங்கா செய்தது' என்று எழுதி முடித்தார்.

லாஸர் துணியை வாங்கி, தன் விரலையும் துடைத்துக்கொண்டு, அதன் கீழே இன்னொரு வரி எழுதினான். 'ஒரு குமிழி இல்லை.'

தெசாங்கா அதைப் படித்தாள். திருத்த அவளுக்கு அனுமதி இல்லை. இருந்தாலும் திருத்தியிருக்க மாட்டாள். மேசைக்குத் திரும்பிப் போய் அடுத்த தாளின் ஓரத்தை நகத்தால் கிளப்பினாள்.